கங்காணி சொன்னா சரியாத்தான் இருக்கும்

உக்காருங்க அண்ணாச்சி, இடம் காலிதான். இந்தக் கூடையை மட்டும் மடியில வச்சிக்கிடுதேன். வீட்டுக்காரி கூடை. அவ முன்னால லேடீஸ் பக்கம் உக்காந்திருப்பா. என் பக்கத்துல உக்காந்தா லேப்டாப் சூடு அடிக்குதாம். ரெண்டு பேருக்கும் டிக்கெட் நானே எடுத்தாச்சு. நீங்க எதுவரைக்கும்? மதுரையா? நான் கோயம்புத்தூரு. நல்லதாப் போச்சு, மதுரை வரைக்கும் பேச்சுத்துணை.

முந்திரிக்கொத்து எடுத்துக்கிடுங்க. கல்யாண வீட்டுப் பலகாரம். என் தங்கச்சி செண்பகத்துக்குக் கல்யாணம், நேத்துத்தான் மறுவீடு முடிஞ்சுது. கண்ணாடியைக் கழட்டிக்கிடுதேன், கண்ணு எரியுது. கண்ணாடி இல்லாட்டா தூரத்துல இருக்கது எல்லாம் எனக்குப் புகைமூட்டம்தான். நீங்க பக்கத்துல இருக்கீங்க, நல்லாத் தெரியுதீங்க.

நீங்க என்ன தொழில்? சமையல் கான்ட்ராக்டா! அடடா, அப்போ உங்களுக்கு நான் சொல்லுதது சட்டுனு புரியும். எங்க ஆபீஸ்ல இருக்கவங்களுக்கே புரியல, பாத்துக்கிடுங்க.

நான் கம்ப்யூட்டர்ல புரோகிராம் எழுதுதவன். பேரு சங்கரலிங்கம். எங்க தொழில்ல மேக்னு ஒரு கருவி இருக்கு. உங்க பாஷையிலயே சொல்லுதேன். ஆயிரம் பேருக்குச் சாப்பாடு. சாம்பாருக்குப் பருப்பு வேகணும், புளி கரைக்கணும், காய் நறுக்கணும். எது முந்தி, எது பிந்தின்னு ஒருத்தர் நின்னு பாக்கணும்லா? நடுவுல காய் மாறிப்போச்சுன்னா சாம்பாரை மட்டும் திரும்ப வைக்கணும், பாயசத்தைத் தூரக் கொட்டிட்டு முதல்ல இருந்து கிண்டக் கூடாது. மாறுனதைத் திரும்பச் செய், மாறாததைத் தொடாதே. எங்க புரோகிராமுக்கு அந்த மேஸ்திரி வேலையை மேக் பாக்குது. அம்பது வருசமா பாக்குது. எல்லா வேலையும் முடிஞ்சிருந்தா, 'செய்ய வேண்டியது ஒன்றுமில்லை'ன்னு ஒத்தை வரி சொல்லிட்டுப் படுத்துக்கிடும். அந்த வரியைப் பாக்கும்போது ஒரு நிம்மதி வரும் பாருங்க, அதைச் சொல்லி மாளாது.

நான் அந்த மேக்கை வேற ஒரு மொழியில முதல்ல இருந்து திரும்பச் செஞ்சேன்.

எதுக்குன்னு கேக்கீங்க. எல்லாரும் அதைத்தான் கேக்காக. நல்லா ஓடுதுன்னுதான் செஞ்சேன்! படிக்கதுக்கு அண்ணாச்சி. எங்க ஆபீஸ்ல டெய்சின்னு ஒரு புள்ள, என்னைவிடப் பன்னெண்டு வயசு சின்னவ, எனக்கு மேல இருக்கா. அவதான் சொன்னா: "ஏனுங்ணா, புது மொழி படிக்கோணும்னா தெரிஞ்ச கருவி ஒண்ணை அந்த மொழியில திரும்ப எழுதிப் பாருங்க. ரெண்டு சனி ஞாயிறு போதும்." போதும்னா. தை மாசம் ஆரம்பிச்சேன்.

இசக்கிகிட்ட சொன்னேன். இசக்கிதான் என் வீட்டுக்காரி. அவ என்ன சொன்னான்னா, "இட்லி அவிக்கப் படிக்கணும்னா மாவை ஊத்தி அவிச்சுப் பாப்பாக. நீங்க இட்லிக் கொப்பரை வார்க்கப் போறீகளாக்கும்?" அப்படின்னா. அறிவாளிக்கு வீட்டுல என்னைக்கு மரியாதை இருந்திருக்கு?

மொழி பேரு ரஸ்ட். அதுல ஒரு கட்டுப்பாடு பாத்துக்கிடுங்க. ஒரு சாமானை இன்னொருத்தர் கையில குடுத்துட்டோம்னா அது நம்மளது இல்ல. திரும்பத் தொட்டோம்னா, எழுதுததைச் சரிபாக்க கம்பைலர்னு ஒண்ணு இருக்கு, அது விடாது. "அதைத்தான் அப்பமே குடுத்துட்டியே"ன்னு சண்டைக்கு வரும். எங்க பெரியப்பா ஒருத்தர் இருக்காக, ஆறுமுகநயினார். அவுக வீட்டுக்கு ஏணியை இரவல் குடுத்தா இதே கதைதான். அதனால எனக்கு அந்த மொழி சீக்கிரம் பிடிபட்டுட்டு.

என் கருவிக்குக் கங்காணின்னு பேரு வச்சேன். பேருக்கு ஒரு வாரம். தலைப்பா, மீசையோட ஒரு படம் வரைஞ்சேன், அதுக்கு மூணு வாரம். மீசை வலது பக்கம் எறங்கி எறங்கிப் போச்சு. செய்தி எல்லாம் தமிழ்லதான் சொல்லும். டெய்சிகிட்ட காட்டினேன். மீசை நல்லாருக்குன்னா.

போன் அடிக்குது பாருங்க. இசக்கிதான். முன்னால உக்காந்துக்கிட்டே போன் பண்ணுதா. வேற ஒண்ணுமில்ல, என் பேச்சுச் சத்தம் அங்க வரைக்கும் கேக்குதுன்னு சொல்லத்தான். கட் பண்ணிட்டேன். குரலைக் குறைச்சிக்கிடுதேன்.

வைகாசி பிறக்கும்போது கங்காணி தயார். சோதிச்சுப் பாக்க ஒரு பெரிய வேலை வேணும்லா? டெய்சி அவ புராஜெக்டைத் தாரேன்னா. நான்தான் வேண்டாம்னுட்டேன். சொந்தக் கருவிக்குச் சொந்த வேலைதான் குடுக்கணும். தங்கச்சி கல்யாணத்தைக் குடுத்தேன்.

அப்பா இல்ல அண்ணாச்சி. நான் ஒத்தைக்கு ஒரு அண்ணன். பங்குனியிலயே பூ வச்சு நிச்சயம் பண்ணியாச்சு. மாப்பிள்ளை சிவசுப்பு கப்பல்ல என்ஜினியர். தங்கமான பையன். ஆனா ஆடி பிறந்ததும் அவரு கப்பல் ஏறணும். ஏறுனா ஒன்பது மாசம் கழிச்சுத்தான் தரை. ஆடியில கல்யாணம் கிடையாது, உங்களுக்குத் தெரியாததா. அதனால ஆனிக்குள்ள முடிக்கணும். இல்லாட்டா மாப்பிள்ளையோட அம்மா வேற இடம் பாக்கத் தயாரா இருந்தாக. செண்பகம் அந்தப் பையனை மனசுல வச்சுட்டா. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சதுனாலதான் நூத்தி நாப்பத்து மூணு வேலையையும் கங்காணிக்கு எழுதிக் குடுத்தேன். இலைக்கட்டுல இருந்து தாலிக்கொடி வரைக்கும், எதுக்கு முன்னால எதுன்னு.

ஓட்டினேன். ஓட்டுன அடுத்த நொடி கங்காணி நின்னுட்டு.

'சுற்று உள்ளது. பத்திரிகைக்கு முன் தேதி. தேதிக்கு முன் பெரியப்பா சம்மதம். பெரியப்பா சம்மதத்துக்கு முன் பத்திரிகை.'

என்னன்னா, எங்க வீட்டுல மூத்தவுக வாயால சரின்னு வந்தாத்தான் தேதி. பெரியப்பா என்ன சொல்லிட்டாக, போன வருசம் சித்தப்பா வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில அவுக பேரை நாலாவது வரியில போட்டாங்களாம். அதுவும் சின்ன எழுத்துல. அவுக பேருக்கு மேல மாப்பிள்ளையோட மாமா பேரு. அதனால இந்தத் தடவை, "அச்சடிச்ச பத்திரிகையை என் கண்ணால பாத்த பெறவுதான் தேதிக்குச் சரின்னு சொல்லுவேன்"னு உக்காந்துட்டாக. தேதி இல்லாம பத்திரிகை எப்படி அடிக்க?

சுத்து. நான் என்ன நினைச்சேன்? கங்காணியில பிழை இருக்குன்னு நினைச்சேன்.

பதினோரு நாள் அண்ணாச்சி. ஆபீஸ்ல லீவு போட்டு உக்காந்தேன். சுத்தைக் கண்டுபிடிக்குத பகுதியை மூணு தடவை அழிச்சு எழுதினேன். மூணு தடவையும் அதே பெரியப்பா. செண்பகம் தெனமும் போன் பண்ணுவா.

"அண்ணே, அவுக அம்மா இன்னைக்கும் கேட்டாக. எப்போ பேசப் போற?"

"இரு செண்பகம். சுத்து எங்க வருதுன்னு தேடிக்கிட்டிருக்கேன்."

"சுத்து நடுத்தெருவுல வருது. ரெண்டாவது வீடு. வாசல்ல ஈசிச்சேர் கெடக்கும்."

அவளுக்கு என்ன தெரியும், இதுல இருக்க நுணுக்கம். ஒரு நாள் போன்லயே அழுதுட்டா. எனக்கு மனசு கேக்கல. அன்னைக்குச் சாப்பாடு எறங்கல. உடனே உக்காந்து நாலாவது தடவை அழிச்சு எழுதினேன்.

கடைசியா, ஒப்பிட்டுப் பாப்போம்னு அதே பட்டியலைப் பழைய மேக்குல ஓட்டினேன். அது என்ன செஞ்சுது தெரியுமா? 'சுற்று இருக்கிறது, இதை விட்டுவிட்டேன்'னு ஒரு வரி சொல்லிட்டு மத்த வேலையைப் பாக்கப் போயிட்டு! விட்டுட்டுதாம்! அம்பது வருசம் ஓடுன கருவிக்குப் பொறுப்பு வேண்டாம்? கங்காணி அப்படியா? கல்யாணமே நின்னாலும் நகராது. அதுதான் தரம்.

இசக்கிகிட்ட இதைச் சொன்னேன். அவ துணி மடிச்சுக்கிட்டே கேட்டா. "அப்போ அந்தப் பழசு, ஒண்ணை விட்டுட்டு மேல போகுதாக்கும்?" அப்படின்னா. ஆமான்னேன். மடிச்ச துணியில நாலு சேலையை எடுத்துப் பையில வச்சா. "அத்தையைப் பாத்துட்டு வாரேன்"னு மறுநாள் காலையில திருநெல்வேலிக்குப் பஸ் ஏறிட்டா. எனக்கும் வீடு அமைதியா இருந்தா வேலை ஓடும்னு விட்டுட்டேன்.

ஆத்தாடி, இந்தப் பஸ்ஸு என்ன ஹாரன் அடிக்கான் பாருங்க! காதுக்குள்ள அடிக்கான். பாயிண்ட் டு பாயிண்ட் போல, நம்மளைத் தாண்டிப் போறான். ஜன்னல்ல யாரோ பச்சையா ஒரு பொம்பளை கையைக் கையை ஆட்டுதா. நம்மளைப் பாத்தா? நானும் ஆட்டிட்டேன். நம்ம ஊரு ஜனம் பாசக்கார ஜனம் அண்ணாச்சி. கோயம்புத்தூர்ல மரியாதையாப் பேசுவாக, ஆனா முன்பின் தெரியாதவனுக்கு இப்படிக் கையை ஆட்டுவாகளா?

எங்க விட்டேன்? ஆங், இசக்கி. ஊருக்குப் போனவ நேரா அச்சாபீஸுக்குப் போயிருக்கா. ஒரே ஒரு பத்திரிகை அடிக்கச் சொல்லியிருக்கா. ஒண்ணே ஒண்ணு. முதல் வரியில, மணமக்கள் பேருக்கும் மேல, குலதெய்வத்துக்கு மட்டும் கீழ, கொட்டை எழுத்துல 'ஆறுமுகநயினார் அவர்கள்'. தேதி இருக்க வேண்டிய இடத்துல வெறும் கோடு. நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி, தட்டுல வெத்தலை பாக்கு பழத்தோட எங்க அம்மாவையும் கூட்டிக்கிட்டு நடுத்தெருவுக்குப் போயிட்டா.

"பெரிய மாமா, முதப் பத்திரிகை சாமிக்குன்னு சொல்லுவாக. நான் உங்களுக்குத்தான் கொண்டாந்திருக்கேன். தேதியை மட்டும் அச்சுல போட எனக்கு மனசு வரல. அது உங்க கையெழுத்துல இருக்கணும்"னு சொல்லிப் பேனாவை நீட்டியிருக்கா.

பெரியப்பா கண்ணாடியைப் போட்டு அவுக பேரை மூணு தடவை படிச்சாகளாம். தூரத்துல வச்சுப் பாத்தாகளாம். பெறவு ஈசிச்சேர்ல இருந்து எழும்பி, சட்டையைப் போட்டுக்கிட்டு வந்து, 'ஆனி இருபத்தாறு'ன்னு எழுதிட்டாக. அரை மணி நேரம். இசக்கி மோர் குடிச்ச நேரத்தையும் சேத்து.

செண்பகம் எனக்குப் போன் பண்ணா. அழுகையும் சிரிப்புமா. "மதினி முடிச்சிட்டா அண்ணே, மதினி முடிச்சிட்டா"ன்னு அதையே சொல்லுதா. எனக்கும் கண்ணு நிறைஞ்சு போச்சு. ஏன்னா அன்னைக்கு நான் 'பெரியப்பா சம்மதம், முடிந்தது'ன்னு குறிச்சுட்டுக் கங்காணியைத் திரும்ப ஓட்டினேன், சுத்து இல்ல! நூத்தி நாப்பத்து மூணும் வரிசையா ஓடுது. நாலாவது தடவை நான் எழுதுனது வேலை செஞ்சிட்டு.

நீங்க சிரிக்கீங்க. இசக்கிதான் சுத்தை அவுத்தாங்கீங்க. சரி, அவளும் உதவினா, நான் இல்லன்னு சொல்லல. ஆனா அங்க சுத்து இருக்குன்னு முதல்ல சொன்னது யாரு? கங்காணி! செண்பகமும் சொன்னாங்கீங்களா? அவ ஒரு பேச்சுக்குச் சொன்னா. கங்காணி காரணத்தோட சொல்லுச்சு.

திரும்பவும் போன். ஏ இசக்கி, மெதுவாத்தான பேசுதேன்! கட் பண்ணியாச்சு. கல்யாண அலைச்சல் அண்ணாச்சி, அவளுக்குச் சிடுசிடுப்பு.

கல்யாணத்தன்னைக்கு மட்டும் ஒரு சின்ன விசயம் நடந்துது. அதையும் மறைக்காமச் சொல்லிடுதேன். காலையில எழும்பிக் குளிச்சு, வேட்டி கட்டி, மண்டபத்துல வச்சுக் கங்காணியை ஓட்டினேன். 'செய்ய வேண்டியது ஒன்றுமில்லை.' ஆகா, பொண்ணு வீட்டுக்காரன் எவனுக்கு முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முந்தி இப்படி ஒரு வரி வாய்க்கும்? நிம்மதியாப் பந்தியில உக்காந்தேன். ரெண்டு இட்லி, ஒரு வடை, பொங்கல். அங்க பிள்ளையார் கோயில்ல மாலையும் கழுத்துமா மாப்பிள்ளை நிக்காரு. மச்சினன் போய்க் கையப் பிடிச்சு அழைச்சுட்டு வரணும். மேளக்காரர் வாசிச்சதையே திரும்பத் திரும்ப வாசிக்காரு. மச்சினன் எங்க, மச்சினன் எங்கன்னு மண்டபமே தேடுது. மச்சினன் ரெண்டாவது காப்பி கேட்டுக்கிட்டிருக்கேன்.

தப்பு என் மேல இல்ல. பங்குனியில பூ வைக்க வந்தப்போ மாப்பிள்ளையைத் தெருமுக்குல இருந்து நான்தான் அழைச்சுட்டு வந்தேன். 'மாப்பிள்ளையை அழைத்து வா', அது அன்னைக்கே முடிஞ்சுது. மாப்பிள்ளை மாறினாரா? மாறல. அதே சிவசுப்பு. மாறாததைத் திரும்பச் செய்யக் கூடாதுங்கறதுதான் விதியே! கங்காணி கணக்குல எந்தப் பிசகும் இல்ல.

சித்தி மவன் ஓடிப் போய் அழைச்சுட்டு வந்துட்டான். நான் கை கழுவிட்டு வேட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடி வாரேன், மாப்பிள்ளை மேடையேறியாச்சு. அத்தனை பேரும் என்னையப் பாக்காக. பெரியப்பா பார்வை ஒண்ணு இருக்கே, அதைக் காசு குடுத்தாலும் வாங்க முடியாது. அண்ணாச்சி, எனக்கு அப்போ மெய்யாவே அசிங்கமாப் போச்சு. அப்பா இருந்தா என்ன சொல்லியிருப்பாகன்னு தோணிட்டு. தூணுக்குப் பின்னால போய் நின்னுக்கிட்டேன்.

செண்பகம் மணமேடையில இருந்து பாத்துட்டா. கூரைச்சேலையோட, அத்தனை மாலையோட, கையை அசைச்சுக் கூப்பிட்டா. போனேன். "அண்ணே, நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். இங்கன என் பக்கத்துல நில்லு. அது போதும் எனக்கு"ன்னா. நின்னேன். தாலி கட்டுத வரைக்கும் நின்னேன். அப்போ அழுதது கங்காணிக்காக இல்ல. அதை உங்ககிட்ட மட்டும் சொல்லுதேன்.

அன்னைக்குச் சாயங்காலமே சரி பண்ணிட்டேன். 'மாறலைன்னாலும் ஒவ்வொரு தடவையும் செய்'னு மாப்பிள்ளைக்கு மட்டும் தனியா ஒரு விதி எழுதினேன். பழைய மேக்குல அந்த விதி ஆதியில இருந்தே இருக்காம், டெய்சி சொல்லுதா. இருக்கட்டுமே. நான் சொந்தமா மண்டபத்துல அடிபட்டுப் படிச்சேன்லா.

இப்போ ஒரு குறை கிடையாது. பாருங்க, திரையைத் திருப்புதேன். காலையில பஸ் ஸ்டாண்டுல ஓட்டினேன். கல்யாணப் பட்டியல்ல இதுதான் கடைசி வேலை, 'கோயம்புத்தூர் திரும்பு.' இசக்கி ஏதோ அல்வா வாங்கணும்னு சொல்லிக்கிட்டிருந்தா, நான் இதுல மும்முரமா இருந்தேன். படிக்கேன் கேளுங்க. 'பைகளை ஏற்று, முடிந்தது. டிக்கெட், முடிந்தது. இசக்கியைப் பஸ்ஸில் ஏற்று, ஏற்கனவே முடிந்தது, மாற்றம் இல்லை. செய்ய வேண்டியது ஒன்றுமில்லை.' எவ்வளவு சுத்தமா...

ஏற்கனவேன்னா?

முடிஞ்ச தேதி ஆனி பதினெட்டு. பதினெட்டு... அது கல்யாணத்துக்கு நாங்க ரெண்டு பேரும் ஊருக்கு வந்த அன்னைக்கு. கோயம்புத்தூர்ல ஏறுனது.

அண்ணாச்சி, கொஞ்சம் எழும்பி முன்னால பாருங்களேன். லேடீஸ் சீட்டுல பச்சைச் சேலை, கழுத்துல ரெட்டைவடச் சங்கிலி, கையில அல்வாப் பொட்டலம் இருக்கும். இல்லையா? நல்லாப் பாருங்க. அந்தப் பக்கம்? அய்யய்யோ! என் கண்ணாடி எங்க? கூடையும் என் மடியில இருக்கு, அவ தண்ணி பாட்டிலும் இதுக்குள்ளதான் இருக்கு. அண்ணாச்சி, அவளை நட்டநடு பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டு வந்துட்டேனே!

போன் அடிக்குது. நீங்க எடுத்துப் பேசுதீகளா? வேண்டாம், நானே எடுக்கேன்.

ஏ இசக்கி! எங்க நிக்க? பஸ்ஸை நிறுத்தச் சொல்லுதேன், அங்கனயே இரு... என்னது? பின்னால வந்த பஸ்ஸுலயா? தாண்டிப் போனது நீயா! கையாட்டுனது நீதானா? நானும் ஆட்டினேன்லா... அதைத்தான் சொல்லுதியா. சரி. சரி. ஆமா, கூடை இருக்கு. கோவில்பட்டியா? எறங்கி நிக்கவா? வேண்டாமா? கண்டக்டர்கிட்ட சொல்லவா? நீ ஏறுன பஸ் கண்டக்டரே இவருக்குப் போன்ல சொல்லிட்டாரா? சரி. அப்போ நான் என்ன செய்ய? ம். ம். சரி இசக்கி. சரி.

வச்சுட்டா.

உசுரு வந்துது அண்ணாச்சி. ஒரு மடக்குத் தண்ணி குடிச்சிக்கிடுதேன். முன்னால போய்ட்டா, கோவில்பட்டியில நின்னு நம்ம பஸ்ஸுல ஏறிக்கிடுவாளாம். அல்வாவும் வாங்கிட்டாளாம், ஆறாம இருக்காம். உங்களுக்கும் ஒரு துண்டு உண்டு.

என்னைய எறங்கவே கூடாதுன்னுட்டா. எதையும் தொடக் கூடாது, யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லக் கூடாது, உக்காந்த இடத்துல அப்படியே இருக்கணும். கடைசியா என்ன சொன்னா தெரியுமா? "நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுமில்ல." அவ வாயாலயே சொல்லிட்டா!

காலையில கங்காணி சொன்னதும் இதே வரிதான். திரையில பாருங்க, இன்னும் இருக்கு. இதுல பிழை எங்க இருக்கு அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்க.